மலிவு பெயின்ட்டின் கணக்கு: ஒரு பழைய லொறியும் நூறு வருசக் கதையும்

பழைய லொறி ஒண்டை வாங்கின யாரிட்டயும் கேட்டுப் பாருங்க. எஞ்சின் வேலை, டயர், பிரேக், வெல்டிங் எல்லாம் முடிஞ்சு கையிலிருக்கிற காசும் முடியிற நேரம் கடைசியா ஒரு கேள்வி வரும்: "குறைஞ்ச செலவில பெயின்ட் அடிக்க என்ன வழி காக்கா?"

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று பக்கம் இந்தக் கேள்வி இப்ப கூடியிருக்கிறதுக்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நாடு வாகன இறக்குமதியை நிறுத்தியது. அந்தக் கதவு மறுபடி அகலத் திறந்தது 2025 தொடக்கத்தில்தான். நடுவில் 2022 நெருக்கடி வந்தது. 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350ஐத் தாண்டியது. பெயின்ட்டுக்குள்ள இருக்கிற ரெசின், நிறத்தூள், கரைப்பான் எல்லாம் பெரும்பாலும் டொலரில் வாற சாமான்கள். ஆக, புது லொறி எட்டாது. பழசைப் புதுசாக்குற செலவும் ஏறிட்டு.

ஆனா "மலிவா பெயின்ட் அடிக்கிறது எப்படி" என்ற கேள்வி நம்மட காலத்தில் பிறந்ததில்லை. நூறு வருசத்துக்கும் மேலாக உலகத்தின் பெரிய கார் கம்பனிகளும் இரசாயனக் கம்பனிகளும் இதே கேள்விக்குத்தான் பதில் தேடின. எனாமல், என்.சி., டூ-கே, ஸ்ப்ரே கன் எண்டு இன்டைக்கு கடைத் தட்டில் இருக்கிற ஒவ்வொரு சாமானும் அந்தத் தேடலின் ஒவ்வொரு கட்டத்தில் கிடைத்த பதில். அந்தக் கதையைத் தெரிஞ்சா எதை வாங்குறது எண்டு முடிவெடுக்கிறது லேசாகும். இன்னொரு விசயமும் தெரியவரும்: வேலை மலிவான ஒவ்வொரு தடவையும் மிச்சமான காசில் ஒரு பங்கு, பெயின்ட் அடிக்கிறவரின் உடம்பிலிருந்துதான் எடுக்கப்பட்டது.

தூரிகையும் பொறுமையும்

முதல் மோட்டார் கார்களுக்கு நிறம் பூசினது குதிரை வண்டிக்குப் பூசின அதே ஆட்கள், அதே முறை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறம், மேலே வார்னிஷ். ஒரு கோட் பூசுவார்கள், காய விடுவார்கள், தேய்ப்பார்கள், மறுகா அடுத்த கோட். ஒரு வண்டி முடிய வாரக் கணக்கில் போகும். எண்ணெய்ப் பெயின்ட் வெறும் ஈரம் போய்க் காயிறதில்ல. காற்றில் இருக்கிற ஒட்சிசனோடு சேர்ந்து மெல்ல இறுகுது. அதை அவசரப்படுத்த முடியாது.

கையால் ஒவ்வொரு வண்டியாகச் செய்த காலத்தில் அது பிரச்சினை இல்லை. ஹென்றி ஃபோர்ட் 1913இல் நகரும் தொடர் வரிசையில் கார்களைப் பூட்டத் தொடங்கியதும் அது பெரிய முட்டுக்கட்டை ஆனது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் கார் வெளியே வருது. பெயின்ட் காய வாரக் கணக்கில் எடுத்தால் அத்தனையையும் எங்கே நிறுத்தி வைக்கிறது? 1914 முதல் 1925 வரை மொடல் டி கார்கள் கறுப்பில் மட்டுமே வந்தது இதனால்தான். ஃபோர்டுக்குக் கறுப்பு மேல் ஆசை எண்டு சொல்லிச் சிரிக்கிற கதை பிரபலம். ஆனா தார் வகைப் பொருளைச் சேர்த்துச் செய்து அடுப்பில் சுட்டு இறுக்கிய அந்தக் கறுப்பு, மலிவு, உறுதி, ஒரே மாதிரி வேலை. செலவுக் கணக்குத்தான் நிறத்தைத் தீர்மானித்தது.

அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருந்தது. வெள்ளை நிறத்துக்கு வெள்ளை ஈயச் சாயம், இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க சிவப்பு ஈயம். வண்டிக்கு நிறம் பூசுகிறவர்களுக்கு வயிற்றுவலியும் கை சோர்ந்து தொங்குவதும் தொழிலோடு வாற நோயாகவே இருந்தது. அமெரிக்காவில் மருத்துவர் அலிஸ் ஹமில்டன் 1910இல் இலினோய் மாநிலத் தொழிற்சாலைகளில் நடந்து திரிந்து ஈய நோயாளிகளைத் தேடிப் பதிவு செய்தார். 1921இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு வெள்ளை ஈயம் பற்றித் தனியாகவே ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. வீட்டுக்குள் பூசுறதில் வெள்ளை ஈயத்தைத் தடுக்கச் சொன்னது. தொழில்முறைப் பூச்சில் அதைப் பாவிக்கும் இடங்களில் 18 வயதுக்குக் குறைந்த ஆண்களையும் எந்த வயதுப் பெண்களையும் வேலைக்கு வைக்கக் கூடாது எண்டது. நூறு வருசத்துக்கு முந்தியே இந்த வேலை உடம்பைத் தின்னும் எண்டு உலகத்துக்குத் தெரியும்.

வெடிமருந்தில் இருந்து வந்த பளபளப்பு

அடுத்த பதில் வந்தது யுத்தத்திலிருந்து. பஞ்சை அமிலத்தில் போட்டு எடுக்கிற நைட்ரோசெல்லுலோஸ், துப்பாக்கி வெடிமருந்துக்கான மூலப்பொருள். முதலாம் உலகப் போரில் அதை மலை மலையாகச் செய்தது அமெரிக்காவின் டுபொன்ட் கம்பனி. போர் முடிந்ததும் அந்தச் சரக்குக்கு வேறு வழி தேட வேண்டிய நிலை. 1920இல் நியூ ஜேர்சியில் இருந்த அவர்களுடைய ஃபிலிம் தொழிற்சாலையில் நைட்ரோசெல்லுலோஸ் கரைசல் வெயிலில் கிடந்து, தேன் மாதிரி இருந்தது தண்ணியாக இளகிப்போச்சு. அப்படி இளகினால் நிறத்தூளைக் கூடச் சேர்க்கலாம், மெல்லிசாகத் தூவலாம் எண்டு புரிஞ்சது. ஜெனரல் மோட்டர்ஸின் சார்ல்ஸ் கெட்டரிங்கின் ஆட்களும் சேர்ந்து வேலை செய்தார்கள். "டூகோ" என்ற பெயரோடு அந்த லக்கர் பெயின்ட் 1924 மொடல் ஓக்லண்ட் கார்களில் நீல நிறத்தில் வந்தது.

இது எண்ணெய்ப் பெயின்ட் மாதிரி இறுகிக் காயிறதில்ல. தின்னர் ஆவியாகிப் பறந்ததும் மிஞ்சுறது காய்ந்த படலம். வாரக் கணக்கு மணிக் கணக்கானது. நிறங்களும் திறந்தது. கறுப்பு மட்டும் விற்ற ஃபோர்ட், 1926 மொடலில் மறுபடி நிறங்களுக்கு வரவேண்டி வந்தது. டூகோ என்ற பெயர் எவ்வளவு ஊறிப்போச்சு எண்டால், இந்தியாவில் இன்டைக்கும் மரச்சாமான் செய்யிறவர்கள் ஸ்ப்ரேயால் அடிக்கிற பளபளப்புப் பெயின்ட்டை, எந்தக் கம்பனிச் சாமானாக இருந்தாலும், டூகோ எண்டுதான் சொல்கிறார்கள். நம்மட கராஜ்களில் என்.சி. எண்டு சொல்ற சாமான் அதே குடும்பம்தான். என்.சி. என்ற ரெண்டு எழுத்தே நைட்ரோசெல்லுலோஸின் சுருக்கம்.

லக்கர் வேகமாகக் காயுது. அந்த வேகத்துக்குள் தூரிகையை இழுத்துச் சமப்படுத்த ஏலாது. ஆகவே அதைப் பூச வேறு கருவி வேண்டும்.

தொண்டை மருந்தும் துப்பாக்கியும்

அந்தக் கருவி ஏற்கெனவே வேறு வேலை பார்த்துக்கொண்டு இருந்தது. 1887இல் சிக்காகோவின் மார்ஷல் ஃபீல்ட் கடையில் பராமரிப்பு வேலை பார்த்த ஜோசப் பிங்ஸ், நிலக்கீழ் அறைச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதுக்காகக் கையால் பம்ப் பண்ணித் தூவும் யந்திரம் ஒண்டைச் செய்தார். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சியின் பெரிய பெரிய கட்டடங்களை நேரத்துக்குள் வெள்ளையாக்க வேண்டி வந்தபோது, தூவிப் பெயின்ட் அடிக்கிற முறை பெரிய அளவில் சோதனைக்கு வந்தது.

மற்றக் கிளை வைத்தியத்திலிருந்து வந்தது. ஓஹையோவின் டொலீடோ நகரத்தில் டொக்டர் அலன் டிவில்பிஸ், நோயாளிகளின் தொண்டைக்கு மருந்து தூவுறதுக்கு ஒரு சின்னக் கருவி செய்து 1888இல் கம்பனியும் தொடங்கினார். காற்று வேகமாகப் போகும் குழாயின் வாயில் மருந்து உறிஞ்சப்பட்டுப் பொடித்துளியாகும். அவருடைய மகன் தோமஸ் 1907இல் அதே தத்துவத்தில் பெயின்ட் தூவும் துப்பாக்கியைச் செய்தார். நோயை ஆற்றுறதுக்காகச் சுவாசப்பாதைக்குள் தூவின கருவி, இப்ப பெயின்ட்டை அறை முழுக்கத் தூவத் தொடங்கியது.

கார்த் தொழிற்சாலைகள் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடின. அமெரிக்காவில் பெயின்ட் தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. வேலை பறிபோகும் என்ற பயம் ஒரு பக்கம். தூரிகையில் கையோடு நின்ற ஈயமும் கரைப்பானும் இப்ப மூக்குக்குள்ள போகுது என்ற கவலை இன்னொரு பக்கம். கருவி நின்றுவிடவில்லை. ஆனா காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனி அறைகள், முகமூடிகள் என்ற பேச்செல்லாம் அந்தச் சண்டையோடு வளர்ந்தவை. இன்டைக்கு ஒரு வெளிநாட்டுக் கராஜில் கண்ணாடி அறை போல ஒரு ஸ்ப்ரே பூத் கண்டால், அது கம்பனி தானாகக் கொடுத்த வசதி எண்டு நினைக்க வேண்டாம்.

நம்மட கரைக்கு வந்த லொறி

1949இல் கல் ஓயா அபிவிருத்திச் சபை உருவானது. இங்கினியாகலயில் மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி பெரும் யந்திரங்களோடு வந்து அணையைக் கட்டியது. அந்தத் திட்டத்தின் குடியேற்ற அரசியல் தனிக் கட்டுரைக்குரிய கனமான கதை. இங்கே நமக்கு வேண்டியது ஒண்டுதான்: சேனாநாயக்க சமுத்திரத்தின் தண்ணி வயலுக்கு வந்தபோது இந்தப் பக்கத்து நெல் வண்டில் மாட்டால் இழுத்து முடிக்கிற அளவைத் தாண்டியது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று நெல்லையும் அரிசியையும், கல்முனை, மருதமுனைக் கரை மீனையும், கைத்தறித் துணியையும் கொழும்புப் பக்கம் கொண்டு போகிற வேலை லொறிக்கு வந்தது. பொத்துவில், சியம்பலாண்டுவ, வெல்லவாய, இரத்தினபுரி எண்டு போகிற ஏ-4 நெடுஞ்சாலை அந்த லொறிகளின் பாதை.

பிரிட்டிஷ் பெட்ஃபோர்ட், லேலண்ட் எண்டு வந்ததில் பல வெறும் செசியும் முன்பக்கமும்தான். பின்பொடி இங்கே ஓடாவிமார் பலகையால் அடித்தது. பலகைக்கும் இரும்புக்கும் பூசினது எண்ணெய் எனாமல், தூரிகையால். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. லக்கர் பளபளக்கும், ஆனா விறைப்பானது. பலகை மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்கும்போது லக்கர் வெடிக்கும். எனாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

அந்த எனாமலும் பழைய எண்ணெய்ப் பெயின்ட் இல்லை. 1927இல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் ரோய் கீன்லே, எண்ணெயை ஆல்கஹோல், அமிலத்தோடு சேர்த்துச் சமைத்த ரெசினுக்கு "அல்கைட்" எண்டு பெயர் வைத்தார். வாரம் எடுத்தது ஒரு இரவானது. கடையில் "சின்தெட்டிக் எனாமல்" எண்டு எழுதியிருக்கிற டின் இதுதான். கேற், ஜன்னல், தோணி, லொறி எல்லாத்துக்கும் ஒரே டின் போதும் எண்ட மலிவு நம்மட ஊருக்கு வந்தது அல்கைட்டால்தான்.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகினபோது ஒரு லொறியைப் பத்து வருசத்துக்குப் பதிலாக முப்பது வருசம் ஓட்ட வேண்டியதாச்சு. 1977க்குப் பிறகு கதவு திறந்தது. 1982இல் தொடங்கிய லங்கா அசோக் லேலண்ட்டும், டாட்டாவும், ஜப்பான் இசுசுவும் வந்தன. பிறகு யுத்தம். சோதனைச்சாவடியில் மூட்டையை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றிப் பொடியில் பெயின்ட் மிஞ்சாது. 2004 டிசம்பர் 26 கடல் வந்து போனபிறகு, உப்புத்தண்ணி புகுந்த வாகனங்களின் துரு செசியின் உள்பக்கத்திலிருந்து தொடங்கியது. வெளியே எவ்வளவு அழகா அடிச்சாலும் அந்தத் துரு நிற்காது.

இந்தக் கரையில் லொறிக்கு எதிரி ரெண்டு: கடல்காற்றில் வாற உப்பு, மீன்பெட்டியிலிருந்து வடிகிற உப்புத்தண்ணி. இது தெரியாமல் கொழும்பு விலைப்பட்டியலைப் பார்த்து மலிவைக் கணக்குப் போட ஏலாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வெள்ளைப் பெயின்ட்டின் வெள்ளை வாறது டைட்டானியம் டையொக்சைட் தூளிலிருந்து. அதற்கு மூலமான இல்மனைட் மணல் நம்மட கிழக்குக் கரையிலேயே, புல்மோட்டையில் கிடக்கிறது. 1957இலேயே அதற்கு அரச கூட்டுத்தாபனம் உருவானது. மணலைக் கழுவிப் பிரித்துக் கப்பலேற்றுகிறோம். வெள்ளைத் தூளாக்கும் தொழிற்சாலை இங்கே இல்லை. கரையின் மணல் வெளியே போய், டொலர் விலையில் பெயின்ட்டாகத் திரும்பி வருது.

மணம் இல்லாத ஆபத்து

கடைசியாக வந்த பதில் டூ-கே. 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் பொலியூரெத்தேன் இரசாயனத்தைக் கண்டுபிடித்தார். பெயின்ட்டை ஒரு டின்னிலும் ஹார்ட்னரை இன்னொரு டின்னிலும் வைத்து, அடிக்கிற நேரம் கலக்கிறது. ரெண்டும் சேர்ந்து இறுகி, பெற்றோல் பட்டாலும் கரையாத, வெயிலுக்கு மங்காத படலமாகும். 1970களில் ஐரோப்பியக் கராஜ்களில் பரவி, பிறகு உலகம் முழுக்க வந்தது. உப்புக் கரைக்கு இதை விட நல்ல பெயின்ட் கிடையாது.

ஆனா அந்த ஹார்ட்னரில் இருக்கிறது ஐசோசயனேட். 1984 டிசம்பர் 2-3 இரவு போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற வாயு, மெத்தில் ஐசோசயனேட், இதன் சொந்தக்காரன். பெயின்ட்டில் இருக்கிறது அதே பொருள் இல்லை, அவ்வளவு கொடியதும் இல்லை. ஆனா தூவும்போது எழும் புகாரைத் திரும்பத் திரும்பச் சுவாசித்தால் நுரையீரல் அதை "எதிரி" எண்டு பழகிக்கொள்ளும். ஒருக்கா அப்படிப் பழகினால் பிறகு கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா. அந்தத் தொழிலையே விடவேண்டி வரும். பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் அங்கே வாகனப் பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வாற அபாயம் மற்றத் தொழிலாளரை விட சுமார் 80 மடங்கு எண்டு சொல்கிறது. ஸ்ப்ரே பூத்துகளும் சட்டமும் இருக்கிற நாட்டின் கணக்கு அது. மூக்கில் ஏறுற கார மணம் தின்னருடையது. ஐசோசயனேட்டுக்கு எச்சரிக்கிற மாதிரி மணம் இல்லை. "மணம் குறைவா இரிக்கி, பயமில்ல" எண்டு சொல்றது அதனால் பிழையான கணக்கு. துணியைக் கட்டினாலோ கொரோனாக் காலத்து மாஸ்க்கைப் போட்டாலோ இந்த ஆவி நிற்காது.

இன்னொரு விசயம் பலருக்குத் தெரியாது: சாதாரண எனாமலில் பளபளப்புக்காகவும் உறுதிக்காகவும் கலக்கிற "எனாமல் ஹார்ட்னர்" பலதிலும் இருக்கிறது இதே ஐசோசயனேட். மலிவு எனாமலில் கொஞ்சம் கலந்தோம் எண்டால், மாஸ்க் விசயத்தில் டூ-கே அடிக்கிற மாதிரியே நடக்க வேண்டும்.

சரி, இப்ப எதை வாங்குறது?

இந்த வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவோம்.

பலகைப் பொடிக்கு சின்தெட்டிக் எனாமல் போதும், தூரிகையோ ரோலரோ போதும். ஸ்ப்ரேயே தேவையில்லை. செசிக்கும் அடிப்பக்கத்துக்கும் தூரிகைதான் நல்லது. மூலைக்குள்ளும் வெல்டிங் ஓட்டைக்குள்ளும் பெயின்ட்டை அமுக்கிச் செலுத்த அதால்தான் முடியும். ஸ்ப்ரே வேண்டியது முன் கெபினுக்கு மட்டும். இதைப் பிரித்து யோசித்தாலே செலவில் பெரும்பகுதி இறங்கும்.

கெபினுக்கு மூன்று வழி. என்.சி. வேகமாகக் காயும், தவறினால் தேய்த்து மறுபடி அடிக்கலாம், பழகுறவனுக்கு லேசு. ஆனா பல மெல்லிய கோட் வேணும், தின்னர் நிறையக் குடிக்கும், வெயிலில் மங்கும், பொலிஷ் கேட்டுக்கொண்டே இருக்கும். எனாமல் டின் விலையில் மலிவு, ஒண்டிரண்டு கோட்டில் மூடும். ஆனா மெல்லக் காயும், தூசி ஒட்டும். அரைகுறையாகக் காய்ந்த நேரம் அடுத்த கோட் அடித்தால் சுருண்டு எழும்பும். டூ-கே டின் விலை கூட, ஆனா அதிக வருசம் நிற்கும். மூன்று வருசத்துக்கு ஒருக்கா எனாமல் அடிக்கிற செலவையும், ஒவ்வொரு தடவையும் லொறி ஓடாமல் நிற்கிற நாட்களின் வருமானத்தையும் கூட்டிப் பார்த்தால், ஓடிப் பிழைக்கிற லொறிக்கு டூ-கே பல நேரம் மலிவாகிவிடும். ஆனா பாதுகாப்பாக அடிக்க இடமும் சாமானும் இருந்தால் மட்டும். இல்லாட்டி ஹார்ட்னர் இல்லாத எனாமலே மேல்.

பழைய பெயின்ட் எது எண்டு முதலில் பார்க்க வேண்டும். தின்னர் நனைத்த துணியால் ஒரு மூலையில் தேயுங்க. நிறம் கரைந்து துணியில் வந்தால் அது லக்கர். சுருங்கி எழும்பினால் எனாமல். அதன் மேல் என்.சி. அடிக்கக் கூடாது, அதன் தின்னர் அடியைக் கிளப்பிவிடும். ரெண்டும் நடக்காவிட்டால் பெரும்பாலும் டூ-கே.

எந்தப் பெயின்ட் எண்டாலும் காசை முதலில் போட வேண்டியது அடிவேலையில்: துருவை உலோகம் தெரியும்வரை எடுக்கிறது, நல்ல தண்ணியால் உப்பைக் கழுவுறது, காயவைத்து அன்டைக்கே துருத்தடுப்பு பிரைமர் அடிக்கிறது. உப்பைக் கழுவாமல் அடித்த பிரைமருக்குள் துரு வளரும். இந்தக் கரையில் பெயின்ட் உரியிறதுக்குப் பல நேரம் பெயின்ட் காரணமில்ல, கீழே விட்ட உப்புத்தான்.

பழைய லொறியின் அடியில் ஈயப் பெயின்ட் இருக்கலாம். இலங்கையில் எனாமலுக்கு ஈய எல்லை வைத்த விதி 2011இல் வந்து 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது; பத்து இலட்சத்தில் 600 பங்கு எண்டது அந்த எல்லை. இன்டைக்கு உலகம் பரிந்துரைக்கிறது 90. அதற்கு முந்தி பூசினதெல்லாம் சந்தேகத்துக்குரியது. ஆகவே கிரைண்டரால் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம். வோட்டர் பேப்பரால் தண்ணி விட்டுத் தேயுங்க. வீட்டு வளவுக்குள் வேலை எண்டால் பிள்ளைகளைத் தள்ளி வைங்க, தேய்த்த சேற்றை அள்ளிக் கட்டி அகற்றுங்க, வேலை உடுப்போடு வீட்டுக்குள் போக வேண்டாம். சின்னப் பிள்ளையின் மூளைக்கு ஈயம் செய்யும் கெடுதி திரும்பாது.

இனிக் கருவி. பழைய வகை ஸ்ப்ரே கன் 40-50 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அடிக்கும், பெயின்ட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் லொறியில் ஒட்டும், மிச்சம் புகாராகப் போகும். 1980களில் கலிபோர்னியாவின் காற்று மாசுச் சட்டங்கள் இறுகியபோது பரவியது எச்.வி.எல்.பி. கன்: காற்று கூட, நுனியில் அழுத்தம் 10 பி.எஸ்.ஐ.க்குள். அங்கே கேட்ட ஆகக் குறைந்த ஒட்டும் அளவு 65 சதவீதம். பத்து லீட்டர் பெயின்ட் எண்டால் மூன்று மூன்றரை லீட்டர் ஒட்டுறதுக்கும் ஆறரை லீட்டர் ஒட்டுறதுக்கும் உள்ள வித்தியாசம். சுவாசிக்கிற புகாரும் அதே அளவு குறையும். காசுக்கும் நெஞ்சுக்கும் ஒரே நேரத்தில் நல்லது செய்த அபூர்வமான மாற்றம் இது. அதையும் சட்டம் நெருக்கின பிறகுதான் தொழில் ஏற்றது.

ஆனா ஒரு சிக்கல். எச்.வி.எல்.பி. கன்னுக்கு நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து கன அடி காற்று வேணும். டயருக்குக் காற்றடிக்கிற ஒரு குதிரைவலு கொம்பிரசர் தாறது அதில் மூன்றில் ஒரு பங்குதான். அழுத்தம் விழும், பெயின்ட் துப்பும், தோடம்பழத் தோல் மாதிரிப் படியும். சின்னக் கொம்பிரசர்தான் இருக்கிறது எண்டால் குறைந்த காற்றில் ஓடும் எல்.வி.எல்.பி. கன்னைக் கேளுங்க. மேல்கோட்டுக்கு 1.4 மில்லிமீற்றர் நுனி, பிரைமருக்கு 1.8 அளவு. கன்னில் கஞ்சத்தனம் பண்ணலாம், தண்ணி பிரிக்கிற வடிகட்டியில் பண்ண ஏலாது. நம்மட ஈரக்காற்றில் குழாய்க்குள்ள தண்ணி கட்டும், ஒரு துளி போதும் கெபின் முழுக்கப் பழுதாக. ஒரு லொறிக்காகக் கொம்பிரசர் வாங்குறதை விட ரெண்டு மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கிறது புத்தி.

காலமும் ஒரு செலவு. வாடைக்கால மழையில் என்.சி. அடித்தால் ஈரம் படிந்து வெள்ளையாகப் பூக்கும். கச்சான் காற்று வீசுற பகலில் எனாமல் அடித்தால் மணல் ஒட்டும். பெரும்போக அறுவடை ஓட்டம் முடிஞ்சு கச்சான் பலக்க முந்தி, காலை பனி காய்ந்த பிறகு தொடங்கிக் கச்சான் எழும்ப முன்னம் முடிக்கிறது நல்லது. நிறத்தை மாற்றுறதாக இருந்தால் வாகனப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும். அந்தக் கட்டணத்தையும் அலைச்சலையும் சேர்த்தால் பழைய நிறமே மலிவு.

பில்லில் இல்லாத வரி

பெயின்ட் இத்தனை லீட்டர், தின்னர் இத்தனை, பட்டி, பேப்பர், கூலி எண்டு எஸ்டிமேட் எழுதித் தருவார்கள். மாஸ்க் என்ற வரி அதில் இருக்காது. எனாமலுக்கும் என்.சி.க்கும் கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் காற்றோட்டமும் ஆகக் குறைந்த தேவை. டூ-கேக்கு வெளியிலிருந்து நல்ல காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க்தான் சரி. கார்ட்ரிட்ஜ் முடிஞ்சு போச்சா எண்டு மணத்தால் கண்டுபிடிக்க ஏலாதே.

ஓ.எல். முடிஞ்சு, ஏ.எல். முடிஞ்சு கராஜுக்கு வேலை பழகப் போகிற தம்பிமார் நம்மட வயதுக்காரர்கள். மொடல் டி காலத்தில் ஈயம், டூகோ காலத்தில் கரைப்பான் புகை, இப்ப ஐசோசயனேட். பெயர் மாறியிருக்கிறது, கட்டுறவர் மாறவில்லை. சங்கமும் சட்டமும் கேட்ட இடத்தில் மட்டும் அந்தக் கணக்கு கொஞ்சம் நேரானது. நம்மட ஊரில் ஸ்ப்ரே பெயின்டர்களுக்குச் சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லொறியை விடப் போகிறவர் எஸ்டிமேட்டைப் பார்த்து, "பாஸ், மாஸ்க்குக்கும் ஒரு வரி எழுதுங்க, நான் தாறன்" எண்டு சொல்லலாம். ஒரு டின் தின்னரின் விலையைப் போல சில மடங்குதான் அது. மலிவு எண்டு சொல்றதுக்கு முந்தி அந்த வரியையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.